மேட்டில் நின்றுபோன தண்ணீர்

புதுக் குழாயைத் திறந்ததும் முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, பைப்புக்குள் தங்கியிருந்த மழைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் நாலு சொட்டு விழுந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ்லயத்தின் வாசலில் பெண்கள் குடங்களைப் புளி போட்டு விளக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். வரிசையில் முதல் குடம் என் அக்கா சிவகாமியுடையது. தம்பி ‘ஓவசியருக்கு’ப் படிக்கிறவன் என்பதால் அவளுக்கு அந்த மரியாதை. ஒரு குச்சியை ஊன்றி எதையாவது அளக்கிற எவரும் எங்கள் லயத்தில் ஓவசியர்தான்.

“வரும், வரும். பைப்புல காத்து அடைச்சிருக்கும்” என்றார் அத்தான் முத்துவேல். அக்காவின் கணவர். அவர்தான் தேங்காய் உடைத்தவர்.

சூடம் எரிந்து அணையும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். லயத்துக் கடைசிக் காம்பரா வீட்டில் இருந்த ஒருத்தி தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் தண்ணீர் விழும் பீலியைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி போனாள். அரை மணி நேரத்தில் வரிசையில் ஒரு குடமும் இல்லை. அக்காவின் குடம்தான் கடைசியாகப் போனது.

இந்தத் தொடரில் இந்தப் பகுதியை எழுதாமல் மூன்று வாரம் ஏமாற்றிவிட்டேன். போன வாரம் பண்டாரவளைப் பேரிக்காயைப் பற்றி நாலு பத்தி எழுதியது அதற்காகத்தான். வெலிமடையிலிருந்து ஒரு வாசகர், படிக்கும்போதே நாவில் நீர் ஊறியது என்று கடிதம் போட்டிருக்கிறார். அவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்த வாரத்துச் சமாச்சாரத்தில் ருசி இல்லை.

மரச்சிலுவையும் கருவாட்டு வாசமும்

எழுபதுகளின் முற்பாதி. பதுளையில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில் டெக்னீஷியன் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டடம், தெரு, பாலம், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அளந்து, வரைந்து, மேற்பார்வை செய்கிற வேலை. எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

வரைபடத்துக்கு டீ-ஸ்குவெயர் என்று ஒன்று வேண்டும். ‘டி’ எழுத்து மாதிரி இருக்கும் பெரிய மரச்சட்டம். அது பைக்குள் அடங்காது, கையில்தான் பிடித்துக்கொண்டு போகவேண்டும். முதல் தடவை அதோடு தோட்டத்துக்கு வந்து இறங்கியபோது கணக்கப்பிள்ளை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, எப்போது வேதத்தில் சேர்ந்தாய், அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். சிலுவை என்று நினைத்துவிட்டார் மனிதர்.

பதுளை பஸாரில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடை மாடியில் தங்கியிருந்தேன். நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கீழே கருவாடு, மேலே நான். என் சட்டை, பாய், வரைபடத் தாள் எல்லாவற்றிலும் நெத்தலி வாசம். ஒருநாள் விரிவுரையாளர் என் பாலத்தின் குறுக்குவெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆற்றுப் பாலமா கடல் பாலமா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த மாதிரிச் சிரிப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

எனக்குப் பட்டது வேறொரு சிரிப்பு.

வகுப்பில் நான் ஒருவன்தான் தோட்டத்திலிருந்து வந்தவன். பாடம் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து நடக்கும். வெளியே அளவைக்குப் போனால் பையன்கள் இலக்கங்களைச் சிங்களத்தில்தான் கூவுவார்கள். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ‘ஹ’ மட்டும்தான் வராது. நம்முடைய நாக்குக்கு ‘ஹ’ என்பது தூரத்து விருந்தாளி. கூப்பிட்டாலும் வாசலோடு போய்விடும். ஆறுக்கு ‘ஹய’ என்பதை நான் ‘அய’ என்பேன். பின்னாலிருந்து யாராவது அதை அப்படியே திருப்பிச் சொல்வான். விளையாட்டுத்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் காது இரண்டும் சுட்டுவிடும்.

மட்டம் பார்க்கும் வேலைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் முக்காலியில் நிற்கும் லெவல் கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார். ஒருவர் தூரத்தில் அளவுக்கம்பைத் தரையில் நிறுத்திப் பிடிப்பார். கம்பில் தெரியும் இலக்கத்தைப் பார்ப்பவர் கூவ, மூன்றாமவர் புத்தகத்தில் எழுதுவார். எழுதுகிறவர் அந்த இலக்கத்தை உரக்கத் திருப்பிச் சொல்லவேண்டும். அதுதான் சட்டம், முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள்.

நான் திருப்பிச் சொல்வதில்லை. கையை உயர்த்திக் காட்டிவிட்டு எழுதிக்கொள்வேன். வாயைத் திறந்தால்தானே ‘ஹ’ வராது?

நான் கேட்டு வாங்கிய வேலை

கடைசி வருடம் ஒரு செய்முறைத் திட்டம் செய்யவேண்டும். உண்மையான இடம், உண்மையான தேவையாக இருக்கவேண்டும் என்றார் விரிவுரையாளர். யாரிடமாவது யோசனை இருக்கிறதா என்று அவர் கேட்டபோது முதலில் கை தூக்கியது நான்தான்.

எங்கள் கீழ்லயத்துக்குத் தண்ணீர், பள்ளத்தில் இருக்கும் ஒரு பீலியிலிருந்துதான். இறங்கும்போது காலியாகவும் ஏறும்போது நிறைகுடமாகவும் வரவேண்டிய பாதை. அக்கா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் இரண்டு நடை, கொழுந்து எடுத்து வந்தபின் இரண்டு நடை போவாள். மாசமாக இருந்தபோதும் போனாள். மலையின் மறுபக்கத்திலோ வற்றாத ஊற்று ஒன்று சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குழாயில் கொண்டுவந்தால் லயத்து வாசலிலேயே தண்ணீர் பிடிக்கலாம்.

தோட்டத்தை நடத்திய துரையிடம் விரிவுரையாளர் பேசினார். ஸ்டோரில் கிடந்த பழைய பைப்புகளைத் தருவதாகத் துரை ஒப்புக்கொண்டார். பைப்பைப் புதைக்கக் கான் வெட்டுவது லயத்து ஆட்கள் பொறுப்பு. இருந்த பைப்பு, ஊற்றுக்கும் லயத்துக்கும் நடுவே இருந்த ஒரு மேட்டைக் குறுக்கே கடந்து வர மட்டுமே போதும். மலையைச் சுற்றிக்கொண்டு வர இன்னொரு பங்கு வேண்டும்.

ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. அந்த மேடு ஊற்றைவிடத் தாழ்வா, உயர்வா? தாழ்வென்றால் தண்ணீர் தானாகவே கடந்து வரும். உயர்வென்றால் அந்தப் பாதையை மறந்துவிட வேண்டியதுதான். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அதைச் சொல்லத்தான் நாங்கள் படித்திருந்தோம்.

வெள்ளைச் சட்டை

அளக்கப் போன நாளில் எங்கள் குழுவில் கம்பு பிடிக்கவேண்டிய பையனுக்குக் காய்ச்சல். நான் பிடிக்கிறேன் என்று அத்தான் வந்தார். கலியாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். கம்பு பிடிக்கிறதுக்கு எதுக்கு இந்தச் சட்டை என்று அக்கா சிரித்திருக்கிறாள். காலேஜ் வேலை இல்லையா என்றாராம்.

ஆடாமல் அசையாமல் நேராகப் பிடிக்கவேண்டும் அத்தான், நான் கையைத் தூக்கும் வரைக்கும் நகரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஈரப்புல்லில் அட்டைகள் அவர் காலில் ஏறின. குனியவில்லை. நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், இரண்டு கணுக்காலிலும் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. “நகரக்கூடாதுன்னு சொன்னியே” என்றார்.

கருவியில் நின்றவன் விமல். நல்ல பையன். என்னைப் பார்த்துக் குறைவாகச் சிரித்தவனும் அவன்தான். நான் அவனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அத்தான் மேட்டின் உச்சியில் போய் நின்றபோது காற்று பிய்த்துக்கொண்டு போனது. ஊவாப் பக்கத்து ஆடிக் காற்றை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

விமல் கூவினான். சிங்களத்தில் நாலு என்பது ‘ஹதரயி’. ஏழு என்பது ‘ஹதயி’. நடுவில் இருக்கும் ஒரே ஒரு ‘ர’தான் வித்தியாசம். என் காதில் விழுந்தது ‘ஹதயி’. கையை உயர்த்தினேன். ஏழு என்று எழுதினேன்.

சந்தேகம் இருந்தது. இருந்தது என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். நடுவில் ஏதோ ஒன்றைக் காற்று அடித்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. ஆனால் விமலுக்குப் பின்னால், தூரம் அளக்கும் நாடாவோடு இன்னும் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று ‘அதரயியா, அதயியா’ என்று கத்தினால் அந்த வாரம் முழுக்க அதுதான் என் பெயராக இருக்கும். பென்சிலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினேன்.

மட்டக் கம்பில் இலக்கம் கூடினால் தரை தாழ்வு. நாலுக்குப் பதில் ஏழு என்றால், இருப்பதைவிட மூன்று அடி தாழ்வாக அந்த மேட்டை எழுதிவிட்டேன். முடிவில் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் நடுவில் தனியாக எடுக்கும் ஒரு அளவு பிழைத்தால் அந்தக் கணக்குக்குத் தெரியாது. கணக்கு அழகாகச் சரிவந்தது. விரிவுரையாளர் கையெழுத்துப் போட்டார்.

ஏழெட்டு ஞாயிறு லயமே திரண்டு கான் வெட்டியது. வாரத்தில் இருந்த ஒரே ஓய்வு நாள் அது. அக்கா மம்பட்டியோடு நின்றாள், அத்தான் கல் நெம்பும் அலவாங்கோடு நின்றார். மேட்டில் மட்டும் ஓரடிக்குக் கீழே ஒரே கருங்கல். பரவாயில்லை, பாறை மேலேயே பைப்பைப் போடலாம், கணக்குப்படி தண்ணீர் வரும் என்று சொன்னேன். கணக்குப்படி என்று நான் சொன்ன தோரணை எனக்கே இன்னும் காதில் கேட்கிறது.

ஊற்றை அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பைப்புக்குத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே வரைக்கும் ஒழுங்காக வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு கான் இருந்தது

மறுநாளே விரிவுரையாளர் எங்கள் இருவரையும் கருவியோடு மேட்டுக்குக் கூட்டிப்போனார். இந்தத் தடவை விமல் கம்பைப் பிடித்தான், அவர் பார்த்தார். நாலு. புத்தகத்தைத் திறந்தார். ஏழு.

அன்று என்ன படித்தாய் என்று விமலைக் கேட்டார். கண்ணில் தெரிந்ததைத்தான் சொன்னேன் சேர், இலக்கம் எனக்கு ஞாபகம் இல்லை என்றான். அது உண்மை. ஒரு நாளில் நூறு இலக்கம் கூவுகிறவனுக்கு எது ஞாபகம் இருக்கும்? பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பறந்துபோன ‘ர’ இப்போது தெளிவாகக் கேட்டது. சொல்லியிருக்கலாம். சொன்னால் செய்முறையில் சித்தியில்லை, இன்னொரு வருடம் படிக்கவேண்டும். அதைக்கூடத் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். தமிழனுக்கு நாலும் ஏழும் ஒன்று என்று கல்லூரி முழுக்கச் சிரிக்குமே, அதை நினைத்தேன்.

மேட்டில், கருங்கல்லுக்குச் சற்றுத் தள்ளி மண்ணில், ஒரு கான் இருந்தது. மழைத்தண்ணீர் வடியத் தேயிலைக்கு நடுவே எப்போதோ வெட்டியது. அது என் கண்ணில் பட்டது.

“கம்பு புடிச்சவர் பயிற்சி இல்லாத ஆள், சேர். மேட்டுல வைக்காம கானுக்குள்ள வச்சிருப்பார்” என்றேன். இதை ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன்.

அவர் நாடாவை எடுத்துக் கானின் ஆழத்தை அளந்தார். மூன்று அடிக்கு ஒரு விரல் குறைவு. தலையை ஆட்டிக்கொண்டார். பயிற்சி இல்லாதவனை ஏன் நிறுத்தினீர்கள் என்று இருவரையும் ஏசினார். அதோடு விசாரணை முடிந்தது. அத்தான் அப்போது கீழே, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் வேலையில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் பழியைச் சுமந்தவர்கள். நான் மற்ற ரகம்.

கானு முத்துவேலு

பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யாரையும் அடிக்கமாட்டார்கள், பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். பெயர்ப் பதிவில் முத்துவேல் என்று இருந்தவர் மறுநாள் பெரட்டில் ‘கானு முத்துவேலு’ ஆனார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்திலிருந்து ஏறும் ஒவ்வொருத்தியும் மூச்சு வாங்க நின்று அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று பயந்தேன். அவர் யோசனையாக இருந்தார்.

“மச்சான், அன்னைக்கி நான் கானுக்குள்ளயா வச்சேன்? மேட்டுல, ஒரு கல்லுப் பக்கத்துல வச்ச மாதிரிதான் எனக்கு ஞாபகம்.”

“அன்னைக்கி காத்தும் மூட்டமுமா இருந்துச்சில்ல அத்தான்” என்றேன்.

மூட்டம் இல்லை. நல்ல வெயில். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் படித்தவன் சொல்கிறானே என்று தலையாட்டினார்.

மேட்டுப் பாறையை உடைத்தால் பைப்பைத் தாழ்த்தலாம் என்று ஒரு பேச்சு நடந்தது. அந்தக் காலத்தில் வெடிமருந்துக்கு அனுமதி வாங்குவது லேசான காரியமில்லை, யாரும் முயலவில்லை. கொஞ்ச நாளில் பைப்புகளைக் கழற்றி ஸ்டோருக்கே கொண்டுபோய்விட்டார்கள். வெட்டிய கான் மட்டும் அடுத்த மழை வரை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. மட்டம் பார்ப்பதில் நல்ல புள்ளி. மொனராகலைப் பக்கம் தெரு வேலையில் சேர்ந்தேன். அங்கே என்னோடு எழுதிய பையன்களை, ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்து வதைத்தேன். கண்டிப்பான ஆள் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயரையும் வெட்கமில்லாமல் வைத்துக்கொண்டேன்.

விமலிடம் ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லாம் நடந்து பல வருடம் கழித்து, எல்லவில் ஒரு தேத்தண்ணிக் கடையில். அதை என்னிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்டான்.

பதுளை ஸ்டேஷன்

அத்தான் குடும்பம், இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்திருந்த குடும்பம். குழாய் விவகாரத்துக்கு இரண்டு வருடம் கழித்துக் கடவுச்சீட்டு வந்தது. அதுவரைக்கும் அக்கா பள்ளத்திலிருந்துதான் தண்ணீர் சுமந்தாள்.

அவர்களை வழியனுப்ப மொனராகலையிலிருந்து பஸ் பிடித்து வந்தேன். வழி நெடுக ஒரே தீர்மானம், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று. பதுளை ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. தகரப்பெட்டியும் பாய்ச்சுருட்டுமாக ஏழெட்டுக் குடும்பங்கள். யார் போகிறவர், யார் நிற்கிறவர் என்று பிரித்தறிய முடியாதபடி எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

கோச்சி புறப்படக் கொஞ்சநேரம் இருக்கையில் அத்தான் பெட்டியிலிருந்து இறங்கி வந்தார். என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக ஒதுக்கிக் கூட்டிப்போனார். இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மச்சான், மனசுல வச்சிக்கிட்டுப் போக முடியல. அன்னைக்கி நான் கானுக்குள்ளதான் வச்சேன். இப்ப நல்லா ஞாபகம் வந்திருச்சு. கால்ல ஈரம் பட்டதுகூட ஞாபகம் இருக்கு. பாக்கிறவங்க கண்ணுக்கு நல்லாத் தெரியணும்னு நெனச்சு நின்னேன், எறங்கி நின்னுட்டேன் போல. ஒன் மொதல் வேலையவே கெடுத்துட்டேன். என்னய மன்னிச்சிரு.”

அவர் சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். இரண்டு வருடம் ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, நடக்காத ஒன்று அவருக்கு ஞாபகமாகவே ஆகிவிட்டிருந்தது. கண் கலங்கி, என் பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். கார்ட் விசில் ஊதினான்.

நான் அவர் தோளில் கை வைத்து, “விடுங்க அத்தான், நான் அதை எப்பவோ மறந்துட்டேன்” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய் ஏறினார். அவர் இறந்துபோனதை அக்கா எழுதிய கடிதத்தில், கடைசி வரைக்கும் உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி இருந்தது.